கண்டுபிடித்த மெஷினை வைத்து என்ன செய்வது: நான்கு வழிகள், ஒரு கணக்கு

மில் கூரையில் சோலார் பேனல் போட்டவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். பஞ்சுத் தூசியும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து கண்ணாடிமேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். கழுவத் தண்ணீர் வேண்டும், ஷீட் கூரைமேல் ஆள் ஏற வேண்டும், ஏறியவர் வழுக்கி விழாமல் இறங்க வேண்டும். அந்த மில்லுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர், தண்ணீர் இல்லாமல் பேனலைத் துடைத்துக்கொண்டு தானே ஓடும் ஒரு பிரஷ் வண்டியைச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகவே ஓடுகிறது. அடுத்து என்ன?

அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தானே தயாரித்து விற்கலாம். இன்னொரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்கலாம். மெஷினை யாருக்கும் விற்காமல், துடைக்கும் வேலையை மட்டும் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யலாம். அல்லது கண்டுபிடிப்பை மொத்தமாக விற்றுவிட்டுப் பணத்தோடு வீட்டுக்குப் போகலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் பெரிய முதல் இல்லாதவருக்கு மூன்றாவது வழியில் தொடங்கி இரண்டாவதுக்குப் போவதுதான் சரி. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் இறங்குவது முதல் வழியில்.

எந்த வழியானாலும் பேட்டன்ட் விண்ணப்பம் முதலில் போயாக வேண்டும். அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

பேட்டன்ட் கிடைக்குமா, எவ்வளவு ஆகும்?

துடைக்கும் ரோபோ என்பது புதிய யோசனை இல்லை. 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் ஆலையிலேயே பேனல்களை ரோபோக்கள்தான் துடைக்கின்றன. அப்படியிருக்க "பேனலைத் துடைக்கும் வண்டி" என்று எழுதிக்கொண்டு போனால் கிண்டி பேட்டன்ட் அலுவலகத்தில் எதுவும் கிடைக்காது. நம்மவர் வண்டியில் மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். உதாரணமாக, தண்டவாளம் போடாமலேயே ஒரு பேனல் வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாண்டுகிற அமைப்பு. அந்த ஒன்றைத்தான் பேட்டன்டாகக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு உண்டு. பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது அவற்றை லேத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்பு ஒன்றுக்கு 1951-இல் விண்ணப்பித்து ஒரு கம்பெனி பேட்டன்ட் வாங்கியது. போட்டிக் கம்பெனியோடு சண்டை உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: இதில் புதுமையும் இல்லை, கண்டுபிடிப்புக்கான படியும் இல்லை, பேட்டன்ட் செல்லாது. பட்டறையில் வேலை தெரிந்த எவரும் செய்துவிடக்கூடிய மேம்பாடு பேட்டன்டுக்குப் போதாது என்பதற்கு இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். விண்ணப்பத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் 27 வருடம் போயிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் இன்னும் இரண்டு கதவுகள் மூடியிருக்கின்றன. தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. வண்டியில் ஒரு மின்விசிறியும் ஒரு கேமராவும் சேர்த்துக் கட்டுவது இந்த ரகம். வியாபார முறைகளுக்கும் பேட்டன்ட் கிடையாது. "துடைத்ததால் கூடிய மின்சாரத்தில் பங்கு வாங்கிக்கொள்வேன்" என்று ஒரு புது வசூல் திட்டம் போட்டால், அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இந்தியாவில் அதைப் பூட்டிவைக்க முடியாது. அமெரிக்காவில் 1998-இல் மியூச்சுவல் ஃபண்டுகளை நிர்வகிக்கும் கணினி முறை ஒன்றின் பேட்டன்டை ஸ்டேட் ஸ்ட்ரீட் வழக்கில் நீதிமன்றம் செல்லும் என்றது. அதன்பின் நிதி சார்ந்த விண்ணப்பங்கள் குவிந்தன. 2014-இல் ஆலிஸ் வழக்கின் தீர்ப்பு வந்து அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டது. ஆகவே பணம் வசூலிக்கும் யோசனையை விண்ணப்பத்தில் சேர்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். மூன்றாம் வருடத்திலிருந்து புதுப்பிப்புக் கட்டணம்: 6-ஆம் வருடம்வரை வருடத்துக்கு 800, அதன்பின் 10 வரை 2,400, 15 வரை 4,800, 20 வரை 8,000. கூட்டிப் பார்த்தால் 20 வருடத்துக்கும் சேர்த்து அரசுக்குக் கட்டுவது 82,400 ரூபாய்தான். பக்கங்கள் முப்பதையோ, எது நமக்கே உரியது என்று சொல்லும் உரிமைக் கோரிக்கைகள் பத்தையோ தாண்டினால் கொஞ்சம் கூடும். உண்மையான செலவு பேட்டன்ட் ஏஜென்டின் கூலியில் இருக்கிறது. அதில் கஞ்சத்தனம் கூடாது. உரிமைக் கோரிக்கையில் ஒரு சொல் தவறினாலும் போட்டியாளன் அந்த இடுக்கில் நுழைந்துவிடுவான். ஸ்டார்ட்அப்பாகப் பதிவு செய்தவர்களுக்கு ஏஜென்ட் கூலியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது.

கண்டுபிடிப்பை விளக்கும் முழு விவரணம் எழுத நேரமில்லையென்றால் தற்காலிக விவரணம் ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழுசாகக் கொடுக்கலாம். முக்கியமானது வரிசை. முதலில் தாக்கல், அப்புறம்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூப் வீடியோ, கோவை கொடிசியா கண்காட்சி ஸ்டால் எல்லாம். கண்காட்சியில் காட்டியதற்குச் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது, உண்மைதான். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும். அதை நம்பி ஸ்டால் போடாதீர்கள்.

பேட்டன்டே வேண்டாம், ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. ரசாயனக் கலவைக்கு அது சரி. வண்டிக்குச் சரிவராது: நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரகசியம் வெளியே. வடிவமைப்புப் பதிவு மலிவு, 15 வருடம்வரை நிற்கும். ஆனால் அது காப்பது தோற்றத்தை மட்டும். வண்டி வரிசை தாண்டும் விதத்தை அது காக்காது.

தானே தயாரித்து விற்பது

இதில் லாபம் முழுவதும் நமக்கே என்று தோன்றும். முதலும் முழுவதும் நம்முடையது என்பது அப்புறம்தான் தெரியும். அச்சு, மோட்டார், பேட்டரி, சர்வீஸ் ஆட்கள், உத்தரவாதத்தில் திரும்பி வரும் மெஷின்கள். மில்காரர் தொண்ணூறு நாள் கழித்துத் தரும் செக்.

கடன் கிடைக்காமல் இல்லை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம்வரை. சிறுதொழில் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் சொத்து அடமானம் இல்லாத கடனுக்கான வரம்பை 2025 ஏப்ரலில் 10 கோடியாக உயர்த்தினார்கள். காகிதத்தில் இப்படி. வங்கி மேலாளர் மேசையில் பேட்டன்ட் சான்றிதழை வைத்தால் அவர் பார்த்து மகிழ்வார், வாழ்த்துவார், பிறகு ஆர்டர் இருக்கிறதா என்று கேட்பார். அதில் அவர் தப்பும் இல்லை. சான்றிதழை ஏலத்தில் விட்டுக் கடனை வசூலிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பாக்கி வசூலுக்குச் சட்டம் உதவும். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் அந்த மில்லோடு அடுத்த வருடமும் வியாபாரம் செய்ய வேண்டியவர் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? அதைவிட, சிறுநிறுவனங்களின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் தரும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லைத் தள்ளுபடிக்குக் கொடுத்துப் பணமாக்குவது சண்டையில்லாத வழி. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்தாக வேண்டும் என்றாகிவிட்டதால் பெரிய மில்களிடம் இதைக் கேட்கலாம்.

மெஷினை மலிவாகக் கொடுத்து, பிரஷையும் ஃபில்டரையும் நம்மிடமே வாங்கச் சொல்லி அதில் சம்பாதிக்கலாமே என்று தோன்றும். துப்புரவு இயந்திரத் தொழிலில் காசு இருப்பது உண்மையில் அங்கேதான். ஆனால் பேட்டன்ட் பெற்ற பொருளை விற்கும்போது வேறு பொருளையும் எங்களிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கட்டாயம் போடுவதைப் பேட்டன்ட் சட்டத்தின் 140-ஆவது பிரிவு தடுக்கிறது. நம் பிரஷ் நன்றாக இருந்தால் வாங்குவார்கள். கட்டாயப்படுத்த முடியாது.

காப்பியடிப்பவர்களை என்ன செய்வது? வழக்குப் போடலாம். இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் விஷயத்தில் பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. நடுவில் உச்ச நீதிமன்றமே, இப்படிப்பட்ட வழக்குகளைச் சீக்கிரம் முடியுங்கள் என்று சொன்னது. சமரசத்தில் முடிந்தது 2019-இல். அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே 12 வருடம். கார் கண்ணாடி வைப்பரை விட்டு விட்டு இயங்க வைக்கும் அமைப்பைச் செய்த அமெரிக்கர் ராபர்ட் கேர்ன்ஸ், 1978-இல் ஃபோர்டுமேல் வழக்குப் போட்டு 1990-இல் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் வாங்கினார். வாழ்க்கையின் நடுப்பகுதி அதிலேயே போய்விட்டது. பட்டறைக்காரரால் அப்படி உட்கார்ந்திருக்க முடியுமா?

உரிமம் கொடுத்து ராயல்டி

துப்புரவு இயந்திரங்களின் வரலாற்றில் இதற்கு அருமையான முன்மாதிரி இருக்கிறது. ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர், ஒஹையோ மாநிலம் கான்டன் ஊரில் ஒரு பெரிய கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தவர். ஆஸ்துமா நோயாளி. தூசி தாங்காமல், ஒரு மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் குச்சியையும் தலையணை உறையையும் சேர்த்து உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1908 ஜூனில் பேட்டன்ட் கிடைத்தது. தானே தயாரிக்கப் பார்த்தார், பணம் போதவில்லை. குடும்பப் பழக்கத்தின் வழியாக, குதிரைச் சேணம் முதலிய தோல் பொருட்கள் செய்துவந்த டபிள்யூ. ஹெச். ஹூவரிடம் விஷயம் போனது. கார் வந்துகொண்டிருந்த காலம். சேணத்துக்கு எதிர்காலம் இல்லை என்று ஹூவருக்குப் புரிந்திருந்தது. பேட்டன்டை வாங்கினார், ஸ்பாங்லரைக் கம்பெனியிலேயே வைத்துக்கொண்டு ராயல்டியும் கொடுத்தார். அதே வருடம் பத்திரிகையில் விளம்பரம்: பத்து நாள் இலவசமாக உபயோகித்துப் பாருங்கள். ஸ்பாங்லர் 1915-இல் இறந்தார். பேட்டன்ட் காலாவதியாகும் 1925 வரை ராயல்டி அவர் குடும்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்பாங்லரிடம் தொழிற்சாலையோ விளம்பரமோ கடைக்காரர் தொடர்போ இல்லை. ஹூவரிடம் விற்க நல்ல பொருள் இல்லை. இருவருக்கும் தேவை இருந்தது. உரிமம் கொடுக்க ஆள் தேடும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்: எதிராளிக்கு நம் மெஷின் உண்மையிலேயே தேவையா?

தேவையில்லாதவரிடம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் டைசன் கதை. பை இல்லாத வாக்குவம் கிளீனருக்கு 5,127 மாதிரிகள் செய்து பார்த்தவர். பெரிய கம்பெனிகள் எல்லாம் கைவிரித்தன. மாற்றுப் பைகள் விற்றே அவர்களுக்கு நல்ல வருமானம். பை இல்லாத மெஷின் அவர்கள் வயிற்றில் அடிப்பது. கடைசியில் ஜப்பானில் அபெக்ஸ் என்ற கம்பெனி உரிமம் எடுத்து, 1986-இல் ஜி-ஃபோர்ஸ் என்ற பெயரில் விற்றது. அந்த வருமானம்தான் அவர் 1993-இல் சொந்தப் பெயரில் மெஷின் கொண்டுவரக் கைகொடுத்தது. பிறகு ஹூவர் கம்பெனி தன் பேட்டன்டை மீறியதாக வழக்குப் போட்டு 2000-இல் ஜெயித்தார். தொழிலுக்குப் புதியவரான ஸ்பாங்லரின் பேட்டன்டில் எழுந்த ஹூவர் பெயர், தொண்ணூறு வருடம் கழித்து இன்னொரு புதியவரிடம் தோற்றது. ஹூவரின் ஐரோப்பிய உயர் அதிகாரி ஒருவர் டிவியில் வருத்தப்பட்டார்: அந்தத் தொழில்நுட்பத்தை நாங்கள் வாங்கியிருக்க வேண்டும், வாங்கி அலமாரியில் போட்டிருப்போம் என்று.

ஆகவே ராயல்டி சதவீதத்தைப் பேரம் பேசுவதைவிட, விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சத் தொகை ஒப்பந்தத்தில் வர வேண்டும். வாங்கியவர் பூட்டிவைத்தால் இத்தனை மாதத்தில் உரிமை திரும்பி வரும் என்ற ஷரத்தும் வேண்டும். எல்லா உரிமையையும் ஒருவரிடம் கொடுப்பதற்குப் பதில், ஒரு மாநிலத்துக்கு அல்லது ஒரு துறைக்கு என்று பிரித்துக் கொடுக்கலாம்: மில் கூரைகளுக்கு ஒருவர், நிலத்தில் போட்ட பெரிய ஆலைகளுக்கு இன்னொருவர். எழுத்தில் இல்லாத உரிமம் சட்டப்படி செல்லாது. எழுதியதைப் பேட்டன்ட் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். "சரிங்க, பார்த்துச் செய்றோம்" என்று கைகுலுக்கிவிட்டு வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. இன்னொன்று: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே அதைப் பெரிய கம்பெனிக்கு மாற்றினால், சிறியவருக்கான சலுகைக் கட்டணம் போய்விடும். வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷினை விற்காமல் வேலையை விற்பது

1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் உறிஞ்சும் துப்புரவு இயந்திரத்துக்குப் பேட்டன்ட் வாங்கினார். அது குதிரை இழுக்கும் வண்டி அளவு பெரியது. யாரும் வீட்டுக்கு வாங்கிப் போக முடியாது. அதனால் அவர் மெஷினை விற்கவில்லை. வண்டியைத் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டு, வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்துக் கூலி வாங்கினார். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அவருடைய இயந்திரம். இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

நம் பட்டறைக்காரருக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், மெஷின் அவர் கண்பார்வையை விட்டுப் போவதில்லை. போட்டியாளன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க வாய்ப்பு குறைவு. பிரஷ் எத்தனை நாளில் தேய்கிறது, எந்தப் பேனலில் மாட்டிக்கொள்கிறது என்பதை மில்காரர் போன் செய்து திட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்கிறார். "உலர் பிரஷ் போட்டால் கண்ணாடி கீறுமே, பேனல் கம்பெனி உத்தரவாதம் செல்லுமா?" என்று மில்காரர் கேட்பார், நிச்சயம் கேட்பார். ஒரு வருடம் நாமே துடைத்த கூரையைக் காட்டிப் பதில் சொல்வது வேறு, கேட்லாக்கைக் காட்டிப் பதில் சொல்வது வேறு. நாலைந்து மெஷின் போதும் என்பதால் முத்ரா கடன் அளவிலேயே தொடங்கிவிடலாம். மாதாமாதம் பில் போவதால் வங்கிக் கணக்கில் வரவு தெரியும். மேலாளர் கேட்ட ஆர்டர் இதுதான். சொந்த பிரஷை சொந்த மெஷினில் போடுவதால் 140-ஆவது பிரிவின் தொல்லையும் இல்லை.

குறையும் இருக்கிறது. ஆள் சம்பளம், வண்டி, கூரையில் ஏறும் ஆட்களுக்குக் காப்பீடு, சேஃப்டி பெல்ட். தொழில் நாம் எட்டும் தூரத்துக்குத்தான் வளரும். கோவையில் இருந்துகொண்டு குஜராத் கூரையைத் துடைக்க முடியாது. பூத்துக்கும் அதுதான் நடந்தது. ஸ்பாங்லரின் இயந்திரம்போல் கையில் தள்ளிக்கொண்டு போகும் கருவிகள் வந்ததும், வீடுகளுக்கு அவருடைய பெரிய வண்டி தேவைப்படாமல் போனது. அதனால்தான் இது நிரந்தர வழி இல்லை என்கிறேன். ஒன்றிரண்டு வருடம் ஓட்டி, துடைத்த கூரைகளின் மின் உற்பத்திக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்து மாநிலங்களுக்கு உரிமம் பேசப் போனால் பேரம் நம் பக்கம் இருக்கும்.

மொத்தமாக விற்றுவிடுவது

இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. வயதாகிவிட்டது, அடுத்த தலைமுறைக்கு ஆர்வமில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் விற்கலாம். ஆனால் விண்ணப்பம் போட்ட மறுமாதமே விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். பேட்டன்ட் கைக்கு வந்து, எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான ஒரு வருடமும் கழிந்தபின் விலை வேறு.

விற்பதாக நினைக்காமலேயே விற்றுவிடுவதும் உண்டு. அது இன்னும் மோசம். முதலீட்டாளர் வருவார், பேட்டன்டைக் கம்பெனி பெயருக்கு எழுதிக் கொடுங்கள் என்பார். அவர் நிலையில் அது நியாயமான கோரிக்கை. டைசன் வாக்குவம் கிளீனருக்கு முன்னால் பந்துச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்றைச் செய்திருந்தார். அதன் பேட்டன்டைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பங்குதாரர்களோடு பிணக்கு வந்து அவரை வெளியேற்றியபோது தள்ளுவண்டியும் அவர்களோடு போய்விட்டது. எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கம்பெனி மூடினாலோ நம்மை வெளியே அனுப்பினாலோ பேட்டன்ட் திரும்ப வரும், அல்லது குறைந்தபட்சம் நாம் அதைப் பயன்படுத்தும் உரிமை நிற்கும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு முதலீட்டாளர் சம்மதிக்கவில்லையென்றால், அவர் பணத்தை வாங்குவதற்கு முன் இன்னும் ஆறு மாதம் கூரை துடைத்துக்கொண்டிருப்பேன் நான்.